முதலாளி மேஜைப் பாட்டில்

கல்யாணமாகி அயனம்பாக்கம் ஃப்ளாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் கண்ணை உறுத்தியது ஷோகேஸில் இருந்த அந்த மதுப் பாட்டில்தான். பட்டை தீட்டிய கனத்த கண்ணாடி, வெள்ளிக் கழுத்து, மூடியில் ஒரு சிங்கத் தலை. உள்ளே பாதிக்கு மேல் பழுப்பு நிறத்தில் ஏதோ. என் மாமனாரோ பீடிகூடத் தொடாத மனிதர். ஆனாலும் அதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் அவரை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

வேண்டாத விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம். கவனித்தேன். வாரம் முழுக்க அளவு குறையவே இல்லை. ஞாயிறு காலையில் மட்டும் பாட்டில் கழுத்தின் உள்பக்கம் ஆவி படிந்திருக்கும். மூன்றாவது ஞாயிறு விடிந்ததும் சமையலறையில் போய் நின்றேன். மாமனார் புனல் வைத்து, பால் விடாத டீயை அதில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் அசடு வழியச் சிரித்தார். மண்ணூர்பேட்டையில் அவர் லேத் ஓட்டிய கம்பெனியை விற்றபோது, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம் முதலாளி. மற்றவர்கள் ஃபேன், நாற்காலி என்று தூக்கிப் போக, இவர் முதலாளி மேஜையில் இருந்த இந்தப் பாட்டிலைக் கேட்டிருக்கிறார்.

"பாட்டிலு கீற பக்கம் உக்காந்தவன் பேசுவான்மா. எதிர்ல நிக்கிறவன் கேட்டுக்கணும். முப்பது வருசம் நின்னுகினே கேட்டேன்."

கேலி செய்ய வந்த நான், யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

போன மாதம் அசோசியேஷன் தலைவர், மாமனாரைக் கமிட்டியில் சேரச் சொல்லிக் கேட்க வந்தார். பேச்சு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. பார்வை ஷோகேஸிலேயே இருந்தது. கடைசியில், இந்த நல்ல சேதிக்கு அதிலிருந்து ஒரு வாய் ஊற்றக்கூடாதா என்று கேட்டேவிட்டார். மாட்டேன் என்றால் கஞ்சன் என்ற பெயர் வரும். ஊற்றினால் குட்டு வெளிப்பட்டு, இத்தனை நாள் வந்த 'சார்' எல்லாம் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். மாமனார் ஊற்றிக் கொடுத்தார்.

தலைவர் ஒரே மடக்கில் குடித்தார். முகத்தைச் சுளித்து, தொண்டையைச் செருமி, நல்ல பழைய சரக்கு என்றார். மாமனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வழியனுப்ப வாசல் வரை நான்தான் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஊட்லயும் ஒண்ணு கீதும்மா. நாங்க ஒரு ஏலக்கா தட்டிப் போடுவோம்."

மாமனாரிடம் இதை நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீயை மட்டும் இப்போது நானே போட்டுத் தருகிறேன், ஏலக்காய் தட்டி.