பன்னீர்ச் செம்பில் பாலைவனம்

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. ஆறாவது படிக்க ரயில்வே கேட்டைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டுவதற்குள் ரயில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். அப்படிப்பட்டவள் கையில்தான் சித்தி கல்யாணத்தன்று பன்னீர்ச் செம்பைக் கொடுத்துப் பந்தல் வாசலில் நிறுத்தினார்கள்.

மாமா அப்போதுதான் குவைத்திலிருந்து திரும்பியிருந்தார். அங்கே ஆபீஸ் வேலை என்று சொல்லியிருந்தார். டேப்ரெக்கார்டர் வரும் என்று எங்கள் புதுவாயல் ஊரே காத்திருக்க, அவர் கொண்டுவந்ததோ கட்டைவிரல் அளவு ஒரு சீசா. மேலே மணல்மேடும் ஒட்டகமும் போட்டிருந்தது. ஊத் அத்தர், பாலைவனத்து வாசனை என்றார். பெரியப்பா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னா மச்சான் இது, மாட்டுக் கொட்டாய்ல வெறகு தீஞ்ச மாரி கீது? ஒட்டகத்த குளிப்பாட்டுன தண்ணியா?"

அன்றிலிருந்து மாமாவுக்கு ஒட்டகம் என்றே பெயர். சீசாவைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். கல்யாணத்தன்று மணவறையில் தங்கச்சி பக்கத்தில் நிற்க வேண்டிய அண்ணன், அடுப்பங்கரையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்று அதற்கும் நான்தான் கவலைப்பட்டேன்.

தனக்குக் குறைவாகத் தெளித்துவிட்டாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று ஆளுக்கு இரண்டு முறை தெளித்ததில், அத்திப்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டு லாரி வரும்போது செம்பு காலி. உள்ளே ஓடினேன். தண்ணீரை ஊற்றினேன். வெறும் தண்ணீரைத் தெளித்தால் அவமானம் ஆயிற்றே. சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு, சீசா மொத்தத்தையும் கவிழ்த்து நன்றாகக் குலுக்கினேன்.

சம்பந்தியின் வெள்ளைச் சட்டையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன.

"இன்னாம்மா இத்த தெளிக்கிற, டிஞ்சரா?" என்றார் மூக்கைச் சுளித்து.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அதற்குள் லாரி மொத்தமும் நனைந்து உள்ளே போயிருந்தது. கல்யாணம் நின்றுவிடும் என்று பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அழத் தயாரானேன்.

முகூர்த்தம் பன்னிரண்டுக்கு. சித்திரை வெயில் கீற்றுப் பந்தலில் இறங்கியது. எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனையைக் காணோம். தேன் போல, பழைய சந்தனப் பெட்டியைத் திறந்தது போல ஏதோ ஒன்று எழுந்தது. அவரவர் சட்டைக் கையை அவரவர் மோந்தார்கள். பிறகு அடுத்தவர் தோளை மோந்தார்கள். சம்பந்தி காலரைத் தூக்கி மூக்கில் வைத்தவர் எடுக்கவே இல்லை.

"யாரு கொண்டாந்த அத்தர் இது?"

"நம்ம மச்சான்தாங்க. குவைத்து சரக்கு. நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார் பெரியப்பா, கொஞ்சமும் கூசாமல்.

"பொண்ணோட அண்ணனா? அவரு அடுப்பாண்ட இன்னா பண்ணிக்கினு கீறாரு? வரச் சொல்லுங்க."

மாமா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சம்பந்தியே அவர் தோளைப் பிடித்து மணவறையில் நிறுத்தினார். நாதஸ்வரக்காரர் கூட ஒரு தரம் நிறுத்தித் தன் தோள்துண்டை மோந்துவிட்டுத்தான் கெட்டிமேளத்துக்கு வந்தார். அந்தச் சட்டையைச் சம்பந்தி ஒரு மாதம் துவைக்கவிடவில்லையாம். ஒட்டகம் என்ற பெயர் அன்றோடு போயிற்று. குவைத்து மாமா ஆகிவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசும் வாங்காத நான், பந்தலின் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

சாப்பாடு முடிந்ததும், கேட்காமல் எடுத்ததற்குத் திட்டுவாரோ என்று அழுதுகொண்டே காலிச் சீசாவோடு மாமாவிடம் போனேன்.

"அழாத பாப்பா," என்று சிரித்தார். "சீசாவுல மோந்தா இன்னா தெரியும்? துணில பட்டு, இஸ்திரி போட்ட மாரி சூடு ஏறினாத்தான் அது வாயத் தொறக்கும்."

"இத்த அன்னிக்கே பெரியப்பாகிட்ட சொல்லிருக்கலாம்ல மாமா?"

அவர் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார். இறங்குவதற்குள் நான் பார்த்துவிட்டேன். முன்கையில், இஸ்திரிப் பெட்டியின் முனை போல மூன்று நான்கு சுட்ட தழும்புகள். ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அவை எப்படி வந்தன? எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற எனக்கு, அந்த ஒன்றைப் பற்றி மட்டும் அன்று கவலைப்படத் தோன்றவில்லை.