நாலு மிளகாய்

மூத்தவளுக்குத் தையல் வேலை. கழுத்தில் டேப் தொங்காமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. துணியில் அரை விரல் பிசகினாலும் பிரித்துப் போட்டு முதலிலிருந்து தைப்பாள். அதே ஆள் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டால் அளவாவது கிளவாவது. 'கொஞ்சம்', 'துளியூண்டு', 'ஒரு கை', 'நாலு'. அவளுடைய தராசும் படியும் இவ்வளவுதான்.

இளையவள், அவளுடைய கொழுந்தன் மனைவி, செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவள். கடுகளவு திருகாணியைக்கூட எண்ணி வைத்துத்தான் கழற்றுவாள். கல்யாணமாகி வந்தபோது வெந்நீர் வைப்பதைத் தவிர அவளுக்குச் சமையலில் ஒன்றும் தெரியாது. மூத்தவள் ஒரு சொல் குத்திக்காட்டியதில்லை. "பக்கத்துல வந்து நில்லு, தானா வரும்" என்பதோடு சரி. வாய் நிறைய அக்கா என்று கூப்பிட அந்த ஒரு வார்த்தை போதாதா?

அப்படி நின்று பார்த்ததையெல்லாம் நாலு பேருக்குச் சொன்னால் என்ன என்று தோன்றி, இளையவள் ஒரு சமையல் வலைப்பூ ஆரம்பித்தாள். பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு வறுவல் என்று படத்தோடு போட்டாள். கொஞ்ச நாளில் புகார் வந்தது. நாலு மிளகாய் போட்டேன், சப்பென்று இருக்கிறது என்றாள் ஒருத்தி. அதே நாலைப் போட்டேன், நாக்கு வெந்துவிட்டது என்றான் இன்னொருவன்.

என்னடா இது என்று இளையவள் மூத்தவளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் நாலு என்றது, கை ஏழு போட்டது. மறுவாரம் அதே வறுவல், வாய் நாலு என்றது, கை மூன்று போட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் அன்றைக்கே 'எங்கள் வீட்டு அளவுகள்' என்று ஒரு விளக்கப் பக்கம் எழுதினாள். 'துளியூண்டு: ஒரு குழிக்கரண்டிக்குக் குறையாது. ரெண்டு கொதி: எதிர்வீட்டுச் சண்டை முடியும்வரை. நாலு: அக்காவின் கை ஓயும்வரை.' படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'உங்க அக்காவுக்கு எண்ணத் தெரியாதா?' என்று ஒருவன் கீழே எழுதினான். இளையவள் அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மையை ஒட்டிவைத்தாள். புத்தி கெட்ட வேலைதான், வேறென்ன சொல்ல?

துணி தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி அதைப் போனில் காட்டிச் சிரித்துவிட்டுப் போனாள். மூத்தவள் சத்தம் போடவில்லை. "நாலு பேர் பார்க்கிற எடத்துல என்னை எண்ணத் தெரியாதவளாக்கிட்டியே" என்று மட்டும் சொன்னாள். இளையவள் சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, "நாலு பேர் இல்லக்கா, ரெண்டாயிரம் பேர் பார்த்திருக்காங்க" என்று உளறினாள்.

அன்றிலிருந்து மூத்தவள் அளந்து சமைத்தாள். இருமல் மருந்தோடு வந்த குட்டி ஸ்பூனால் உப்பு. மிளகாய் என்றால் எண்ணி நாலு. சட்டியைப் பார்க்கவே இல்லை. சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லை. "உப்பு..." என்று ஆரம்பித்த புருஷனிடம், "அளந்துதான் போட்டிருக்கு" என்றாள். அதற்குமேல் வாயைத் திறக்க அவருக்கென்ன பைத்தியமா?

இளையவளுக்கு ருசி போனதுகூடப் பெரிதல்ல. பக்கத்தில் வந்து நில் என்று சொன்ன வாய் இப்போது "தள்ளிக்கோ" என்கிறதே. வலைப்பூ நாசமாய்ப் போகட்டும், அக்கா பழையபடி பேசினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ரிப்பேர்காரி புத்தி சும்மா இருக்குமா? எங்கே பழுது என்று யோசித்தாள். ஏழு போட்ட அன்று மிளகாய் வெளுத்துப்போன பழசு. மூன்று போட்ட அன்று புதுசு, கிள்ளும்போதே இருவருக்கும் தும்மல். போதாததற்கு அன்று இளையவளின் புருஷனுக்கு வாய்ப்புண். மிளகாயையும் எண்ணி, சாப்பிடுகிற வாயையும் சேர்த்தல்லவா எண்ணியிருக்கிறாள் மகராசி.

அந்தப் பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். பட்டன் தைத்துக்கொண்டிருந்த மூத்தவளின் எதிரில் போய் உட்கார்ந்து வாசித்தாள்.

"நாலு மிளகாய் என்றால் நாலே நாலு என்று அர்த்தமில்லை. முதலில் ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். மூக்கில் ஏறினால் குறையுங்கள், ஏறாவிட்டால் கூட்டுங்கள். சாப்பிட உட்காரப்போவது யார் யார், யாருக்கு வாய் வெந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போடுங்கள். அதுதான் நாலு. எங்கள் அக்காவுக்கு எண்ணத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை."

ஊசி நின்றது.

"தப்புதான்க்கா. மனசுல வச்சுக்காதீங்க."

மூத்தவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "இதை எத்தனை பேர் படிப்பாங்க?"

இந்த முறை இளையவள் உளறவில்லை. "நாலு பேர் படிப்பாங்கக்கா."

"உன் நாலா, என் நாலா?"

"உங்க நாலுதான்."

மூத்தவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். மருந்து ஸ்பூன் குப்பைக்கூடையில் விழுகிற சத்தம் கேட்டது.

"அங்க என்ன உட்கார்ந்திருக்கே? பக்கத்துல வந்து நில்லு."