மாப்பிள்ளை கட்டிய பேனர் ஃபிளாக்

எங்கள் ஸ்டேஷனுக்கு அப்பால் தண்டவாளம் கிடையாது, மணலும் கடலும்தான். கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷன். வந்த வண்டியின் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி அனுப்புவது எங்கள் வேலை. மற்ற நேரத்தில் மேசையில் படியும் மணலைத் துடைப்போம். ராஜபாளையத்திலிருந்து என்னை அங்கே ஸ்டேஷன் மாஸ்டராகப் போட்டதற்கு நான் செய்த குற்றம் என்னவென்று கடைசிவரை தெரியவில்லை.

ஒரு மாலை, கடைசி வண்டி கிளம்பும் நேரம். ஜீன்ஸ் போட்ட நான்கு இளைஞர்கள் அறைக்குள் ஓடிவந்தார்கள்.

"சார், செத்த நேரம் வண்டியப் பிடிச்சு வைங்க. மாப்பிள்ளை கடல்ல நிக்கான்."

"ஏன், நீச்சல் தெரியாதா?"

"அதெல்லாம் தெரியும் சார். வேட்டிதான் இல்ல."

கல்யாணத்துக்கு முன்பு கடலில் குளிக்க வந்த கூட்டாளிகள். கரையில் வைத்த மாப்பிள்ளையின் துணிகளை அலை கொண்டுபோய்விட்டது. கழுத்தளவு தண்ணீரில் அவன். கரையில் ஒரு பஸ் நிறையப் பெண்கள். அன்றிரவே ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அழைப்பு. இந்த வண்டியை விட்டால் ஜங்ஷனில் மாறி ஏற வேண்டிய வண்டியும் போய்விடும், அடுத்தது காலையில்தான்.

"ஏலே, ஒருத்தன்கிட்டயும் ஒரு துண்டு இல்லையா?"

"அதையும் அலை கொண்டுட்டுப் போயிட்டு. நீங்களும் ராஜபாளையமாமே? நம்மூரு மானம் சார்."

மாப்பிள்ளைக்காக வண்டியை நிறுத்த விதி இல்லை என்று சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தேன். பேனர் ஃபிளாக் இருந்தது. ஆபத்தென்றால் தண்டவாளத்தின் குறுக்கே கட்டும் நீளமான சிவப்புத் துணி. தடை உள்ள இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அந்தக் கல்யாணத்துக்கு அதைவிடப் பெரிய தடை இருந்ததாகத் தெரியவில்லை. தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் சுடலையிடம் கொடுத்து சைக்கிளில் கடற்கரைக்கு அனுப்பினேன்.

நேரமானது. சிக்னல் விழுந்தது, வண்டி நகர்ந்தது. அப்போதுதான் மணல் மேட்டிலிருந்து மாப்பிள்ளை இறங்கி ஓடிவந்தான், இடுப்பில் சிவப்பு படபடக்க. ஸ்டேஷனை விட்டுப் போகும்போது கார்டு பின்னால் பார்க்க வேண்டும். சிவப்பு தெரிந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். கார்டு பார்த்தார். நிறுத்தினார். அதை யார் கட்டியிருக்கிறார்கள் என்று விதி கேட்பதில்லை. இது என் திட்டமல்ல என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.

"மாஸ்டர், என்னய்யா ஆபத்து?" என்று கார்டு கத்தினார்.

"ஆபத்து ஏறிட்டு. கெளம்புங்க!"

கன்ட்ரோலிலிருந்து போன் வந்தது. "வண்டி ஏன் நின்னுச்சு?"

"சிவப்புத் தெரிஞ்சுது சார். தடை நீங்கிட்டு."

அடுத்த வாரம் பால்கோவா டப்பாவுடன் கொடி திரும்பி வந்தது. துவைத்து, தேய்த்து, புதுத் துணிக்கு வைப்பதுபோல நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்திருந்தார்கள் மாப்பிள்ளை வீட்டார். பிறகு சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் அதை விரித்துப் பார்த்தார்.

"என்னய்யா இது, மஞ்சக் கறை?"

"நம்ம ஸ்டேஷன் கொடிதான் சார். கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துது."

இளைய மாஸ்டர்களுக்கு ஒன்று சொல்வேன். விதிப்புத்தகத்தை முழுக்கப் படியுங்கள். பாதி படித்தால் "முடியாது" என்று சொல்ல மட்டுமே வரும்.