மொட்டை மாடியில் எண்ணிய நாடி

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஜனவரி மாதம். டில்லியில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் நர்ஸாக இருந்தேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. நோயாளிகளைத் தூக்கி உட்கார வைப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டி வருவது என்று டூட்டி முடிவதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

அந்தக் குளிர்காலத்தில், இதயப் பிரிவுக்குப் புதிதாக வந்த பஞ்சாபி லேடி டாக்டர் எங்களுக்கு உடற்பயிற்சி தொடங்கினார். காலை டூட்டி முடிந்ததும் மொட்டை மாடி வெயிலில் கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். பிறகு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஏறிய துடிப்பு எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று ஒருவர் நாடியை மற்றவர் எண்ண வேண்டும்.

"நாள் பூரா நடக்கறது போதாதுன்னு இது வேறயா? எங்க ஹார்ட் என்ன சும்மாவா உட்கார்ந்திருக்கு?" என்று நான்தான் முதலில் சொன்னேன். எங்கள் தமிழ் நர்ஸுகள் எல்லோரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாத டாக்டரும் சேர்ந்து சிரித்தார்.

என் ஜோடி, நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த இளம் நர்ஸ். நடந்து முடித்துக் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று. விடவில்லை.

"என்னடி, ஜோசியமா பாக்கற? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"சும்மா இரிங்கக்கா."

மறுபடியும் எண்ணினாள். மற்றவர்கள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள்.

"கொறையவே மாட்டேங்குக்கா. நடுவுல விட்டு விட்டு அடிக்கு."

"நீ தப்பா எண்ணியிருப்ப."

"அப்ப நீங்களே எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். அவள் சொன்னது சரிதான். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில், பள்ளிக்கூடம் விட்டு வந்து காத்திருக்கும் என் இரண்டு பெண்களின் முகம்தான் கண்முன் வந்தது.

ஆனாலும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். அவள் என் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "பை வேணும்னா பின்னால வாங்க" என்று நடந்தாள். லேடி டாக்டரின் அறைக்குள் போய்த்தான் நின்றாள்.

ரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. தினமும் வார்டு முழுவதற்கும் பிரஷர் பார்க்கும் நான், எனக்கு ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. உடனே ஈ.சி.ஜி. எடுத்தார். அந்த நீளக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், கடைசியில் என் தோளில் தட்டினார். ரத்தக் கொதிப்புதான், இதயத்துக்குக் கெடுதல் எதுவும் ஆகவில்லை, விட்டு விட்டு அடிப்பதும் பயப்படும்படியானதல்ல என்றார். பாரம் தூக்குவதும் மணிக்கணக்கில் நிற்பதும் உடம்பைக் களைப்பாக்குமே தவிர, இதயத்துக்குப் பயிற்சி ஆகாது என்றும் விளக்கினார். "தீரே தீரே, சிஸ்டர்" என்று, மாத்திரையோடு மெதுவான நடையில் தொடங்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் அழுதது அவள்தான்.

"எதுக்குடி அழற? எனக்குத்தான் ஒண்ணுமில்லையே."

"ஒங்களுக்கென்ன, கையக் குடுத்துட்டு உக்காந்திருந்தீங்க. எண்ணுனது நான்லா."

அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. சரோஜினி நகர் வரை நின்றுகொண்டே போனேன். அதுகூடச் சுகமாக இருந்தது.

என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று எழுந்து போகப் பார்த்தவளை, ஒரு சின்னப் பெண் பிடிவாதமாக நிறுத்தி வைத்ததால் கிடைத்த வருடங்கள் இவை என்று நினைக்கும்போதெல்லாம் மனம் லேசாகிவிடுகிறது.