மொட்டை மாடியில் ஒரு பால்பல்

போன ஞாயிறு வெள்ளவத்தையில் ஒரு கூட்டம். ‘இஸ்லாமிய ஆட்சியும் பெண்ணியமும்’ என்று பனர் கட்டியிருந்தார்கள். நானாகப் போகவில்லை. எங்கள் சிவகாமி ரீச்சர்தான் இழுத்துக்கொண்டு போனார்.

பேசிய பெண் இளவயது, நன்றாகப் படித்தவர். சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கேட்கக் கேட்க நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன் – எல்லாம் உண்மைதான். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு மாமி எழும்பினார்.

“அது சரி பிள்ளை, அந்தப் பொம்பிளையள் ஏன் வாய் திறக்கினம் இல்லை?”

சிவகாமி ரீச்சர் என் விலாவில் இடித்தார். “நீர் அரபு நாட்டில வேலை செய்தனீர்தானே? எழும்பிக் கதையும்.”

“ஐயோ ரீச்சர், எனக்கு ஏலாது.”

“பேப்பரில மட்டும் கிழமைக்குக் கிழமை கதை அளக்கிறீர்!”

என்ன செய்ய? மைக்கைக் கண்டால் நான் திரும்பவும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாகிவிடுவேன். அதற்குள், செக்பொயின்ற் தாண்டி இருட்டுவதற்கு முன் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்று கூட்டத்தையும் முடித்துவிட்டார்கள். ஆகவே அந்த மாமிக்கான பதிலை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதை மூடியபோது, அந்தப் பாதையில் லொறி ஓட்டிய என் வீட்டுக்காரர் கொட்டாஞ்சேனையில் சும்மா உட்கார்ந்தார். நான் வீட்டு வேலைக்குப் பிளேன் ஏறினேன். மகள் செல்விக்கு அப்போது நாலு வயது. மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன். போனது ஓர் அரபு நாடு. பெயர் எதற்கு?

வீட்டு எஜமானி நூரா மேடம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். புருஷன் தலாக் சொல்லிவிட்டதால் மகள் ரீமோடு தன் வாப்பாவின் வீட்டில் இருந்தார். ரீமுக்கு ஆறு வயது. செல்விக்குப் பின்ன முடியாத பின்னலையெல்லாம் அந்தப் பிள்ளையின் தலையில் பின்னினேன்.

ஒரு நாள் மேடம் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் ரீமுக்கு முதல் பால்பல் விழுந்தது. நம் பக்கம் என்ன செய்வோம்? கூரையில் எறிந்து, புதுப் பல்லை அணிலிடம் கேட்போம். அவர்கள் சூரியனிடம் கேட்பார்களாம் – ரீம்தான் சொன்னாள். கேட்பது யாரிடமாய் இருந்தால் என்ன... இரண்டு பேரும் மொட்டை மாடிக்கு ஓடினோம். அவள் எறிந்தாள். நான் கை தட்டினேன்.

மேடம் வந்ததும் வராததுமாக வாசலிலேயே சொன்னேன். “மேடம், ரீமுக்கு முதல் பல் விழுந்திட்டுது! ஏழு வயசு வரப்போகுது!”

மேடத்தின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. “பல் எங்கே?” என்று மட்டும் கேட்டார். (அவருடைய அரபியை நம் தமிழில் எழுதுகிறேன்.)

“எறிஞ்சிட்டமே மேடம்...”

ஹேன்ட்பேக்கைக்கூட வைக்கவில்லை. விறுவிறுவென்று மாடி ஏறி, கறுப்பு அபாயாவை இடுப்பில் சொருகிக்கொண்டு முழங்காலில் தேடத் தொடங்கிவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் தவழ்ந்தேன். கீழே இருந்து அவருடைய வாப்பா கத்தினார்.

“நூரா! பக்கத்து வீட்டு ஆம்பிளைகள் பார்ப்பாங்க. இறங்கு!”

“பார்க்கட்டும் வாப்பா. பல்லைக் கண்டால் சொல்லச் சொல்லுங்க!”

தண்ணீர்த் தாங்கியின் குழாய்க்கு அடியில் கிடைத்தது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்.

“ஏழு வயசானால் அவள் தகப்பனுக்கு. அதுதான் இங்கே சட்டம்” என்றார். “இதையாவது எனக்கு விடு.”

வழக்காடக் கோட்டுக்கும் போயிருக்கிறார். அதற்கும் ஆண் துணையாக அவருடைய தம்பி வர வேண்டியிருந்ததாம். நீதிபதி கேட்டாராம்: “தகப்பன் குடிகாரனா?” இல்லை. “அடிக்கிறவனா?” இல்லை. “பிறகு என்ன முறைப்பாடு?”

“நான் அவளுடைய தாய்.”

“இல்லை என்று யார் சொன்னது?”

இதைச் சொல்லிவிட்டு மேடம் சிரித்தார்.

“உங்கட அல்லாஹ்வா மேடம் இப்படிச் சொன்னார்?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது.

“அஞ்சு வேளையும் அவனோடதான் கதைக்கிறேன். என்னிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே! எழுதினது ஆம்பிளைகள். அவன் பேரைப் போட்டுவிட்டார்கள்.”

ஏழு வயது வந்தது. தகப்பனின் காரும் வந்தது. லீவுக்குப் போகிறோம் என்று நினைத்து ரீம் கை காட்டிக்கொண்டே போனாள். தாய் பார்க்கலாம் என்று சட்டம் சொல்லியதாம். பார்க்கப் போனால் கதவு திறந்தால்தானே?

அதன்பிறகு ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் மேடம் ரீமுக்குச் சப்பாத்து வாங்குவார். அளவு? குத்துமதிப்புதான். “இப்ப இவ்வளவு வளர்ந்திருக்குமா?” என்று விரலை அகட்டி என்னிடம் கேட்பார். நான் என்ன சொல்ல? செல்வியின் கால் எவ்வளவு என்றே எனக்குத் தெரியாது...

வாய் திறக்கவில்லையா? வியாழக்கிழமை பின்னேரங்களில் இன்னும் சில ரீச்சர்மார் வருவார்கள். எல்லாரும் பிள்ளையைக் கொடுத்துவிட்டு இருப்பவர்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மனு எழுதினார்கள் – எங்களைத்தான் கேட்கவில்லை, யாரோடு இருக்க விருப்பம் என்று அந்தப் பிள்ளையையாவது கேளுங்கள் என்று. எழுதிவிட்டார்கள். கொண்டுபோய்க் கொடுப்பது யார்? ஆண் ஒருவர் வேண்டுமே! அண்ணன் மாட்டேன் என்றான், தம்பி பயந்தான். கடைசியில், மாடியிலிருந்து இறங்கு என்று கத்திய அந்த வாப்பாதான் கையை நீட்டினார்.

“தா. எனக்கும் பேத்தியைப் பார்க்க வேணும்.”

மனு திரும்பி வந்தது. மறுபடி எழுதினார்கள். அதுவும் வந்தது. மறுபடியும்... பெண்ணியம் என்ற சொல்லைப் போன ஞாயிறு பனரில்தான் பார்த்தேன். அன்றைக்கு அதற்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் நான்!

என் ஒப்பந்தம் முடிந்து புறப்படும்போதும் மேடம் எழுதிக்கொண்டுதான் இருந்தார். என்னைக் கட்டிப்பிடித்துச் சொன்னார்: “நீ அதிர்ஷ்டக்காரி. உன் பிள்ளையைத் தொட நீ யாரையும் கேட்க வேண்டியதில்லை.”

கட்டுநாயக்கா எயார்போட்டில் மாமியாரின் சேலைக்குப் பின்னால் செல்வி நின்றாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். நான் கையை நீட்டினேன்.

“போ புள்ள, அம்மாட்ட போ” என்று மாமியார் தள்ளினார்.

செல்வி சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “அப்பம்மா, அம்மா போட்டோவிலதானே இருக்காங்க? இவங்க யாரு?”

நூரா மேடத்துக்கு வழக்குப் போட ஒரு சட்டமாவது இருந்தது... நான் யார் மேல் போட?