ஓடுகிற வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஞாயிறு

என் மோட்டார் சைக்கிளுக்குப் பதினெட்டு வயது. போன பனிக்காலத்தில் அதற்கு ஒரு கோளாறு வந்தது. காலையில் கிக்கரை உதைத்தால் எஞ்சின் ஓடும். ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தால் சத்தம் தணிந்து, இரண்டு முறை விக்கி, நின்றுவிடும். கால் மணி நேரம் ஓடிச் சூடாகிவிட்டால் எந்தத் தொந்தரவும் இல்லை.

கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயம். என் மனைவி ஏற்காடு டவுனில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் செய்கிறாள். காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். நாகலூருக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. வளைவுக்கு வளைவு வண்டி நின்றதால் இரண்டு நாள் தாமதமாகப் போனாள். ஒரு நாள் பிள்ளைகள் சாப்பிடாமலே வகுப்புக்குப் போய்விட்டார்கள். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னார்.

சேலத்தில் மூன்று பேரிடம் வண்டியைக் காட்டினேன். மலை இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்கும். “நல்லாத்தானுங்க ஓடுது” என்பார்கள். எனக்கு அதற்கு மேல் பேச வராது. ஒருவர், ஆக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சினை ஓடவைக்கும் ஐடில் திருகை ஏற்றிவிட்டார். சூடான பிறகு வண்டி நின்ற இடத்திலேயே அலறியது. இன்னொருவர் கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தார். காலையில் மறுபடியும் அதே விக்கல்.

எங்கள் வீட்டிலிருந்து டவுனுக்குப் போகும் வழியில், மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வளைவில், வீட்டோடு சேர்ந்த மெக்கானிக் கடை புதிதாக வந்திருந்தது. கடை வைத்திருந்தது ஒரு பெண். சேலத்தில் வேலை பழகி, கல்யாணமாகி மேலே வந்தவர். பஸ்ஸில் வரும்போது அவர் ஒரு எஞ்சினைத் தனியாகத் தூக்கி மேசைமேல் வைத்ததைப் பார்த்துவிட்டு என் மனைவி அங்கேயே இறங்கி விசாரித்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

“காலையில ஸ்டார்ட்டே பண்ணாம கொண்டாரணுமாம். எறக்கத்துல உருட்டி, கிளட்ச்ச உட்டுக் கௌப்பற வேலையும் ஆகாதாம். கை வெச்சாச் சில்லுனு இருந்தாத்தான் பாப்பாங்களாம்.”

“தள்ளிக்கிட்டா போறது?”

“ஆமா. நானும் வாரேன்.”

ஞாயிறு காலை விடுதியில் இன்னொரு சமையல்கார அம்மாவின் முறை. அதனால் அன்றைக்கே கிளம்பினோம். நான் நாலு பேர் பார்க்கும்படி எதையும் செய்து பழகாதவன். கோயிலில் பாடும்போதுகூட வாயை மட்டும் அசைப்பேன். அன்று பூசைக்குப் போகிற எல்லோரும் துவைத்த துணி உடுத்திக்கொண்டு எதிரே வந்தார்கள். இறக்கத்தில் உட்கார்ந்து உருட்டினேன். ஏற்றத்தில் நான் ஹேண்டில்பாரைப் பிடிக்க, அவள் பின்னாலிருந்து தள்ளினாள்.

“ஏனுங்க, பெட்ரோல் தீந்துபோச்சுங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

“இருக்குதுங்க” என்றேன்.

கடைக்காரர் ஒருவர் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலே கொண்டுவந்துவிட்டார். வண்டி ஓடும் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஓடற வண்டிய எதுக்குங்க தள்றீங்க?”

நான் தரையைப் பார்த்தேன். பின்னாலிருந்து மனைவி, “வேண்டுதலுங்க” என்றாள். அவர் உண்மையென்று நம்பி வழிவிட்டார்.

கடையில் மெக்கானிக் அம்மா சுடிதாருக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். வணக்கம் சொல்வதற்கு முன்பே எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். பனி கையில் ஒட்டியது. தலையை ஆட்டிக்கொண்டு என்னை உதைக்கச் சொன்னார். வண்டி ஓடி, விக்கி, நின்றது. மறுபடி உதைக்கச் சொன்னார். மறுபடி நின்றது. எந்தத் திருகையும் தொடவில்லை.

“ஏனுங்ணா, பழைய எஞ்சினு இவ்வளவு அமைதியா இருக்குது? டேப்பெட் யாரு புடிச்சது?”

அப்போதுதான் எனக்குப் போன வருடத்துச் சத்தம் ஞாபகம் வந்தது. வண்டி ஒருவிதமாக இரைச்சல் போட ஆரம்பித்திருந்தது. கோயில் வாசலில் நிறுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சேலத்தில் ஒருவரிடம் சத்தத்தை மட்டும் நிறுத்திக் கொடுக்கச் சொன்னேன். எஞ்சினுக்குள் வால்வைத் தட்டித் திறக்கும் டேப்பெட்டை இறுக்கினார், பாதி குறைந்தது. இன்னொரு முறை போய் இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னேன். இதை மெக்கானிக் அம்மாவிடம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

“மொதல்ல வந்த சத்தம் எப்படிங்க இருந்துச்சு? வாயில போட்டுக் காட்டுங்க.”

பக்கத்து டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மெதுவாக ஏதோ செய்தேன்.

“காதுல உழுகலீங்ணா.”

“கட்... கடகட... கட்” என்றேன். டீக்கடையில் ஒருவர் சிரித்தார்.

“கடைசில ஒரு ‘ணங்’ வருமுங்க” என்றாள் மனைவி.

“ரெண்டு பேருமா சேந்து போடுங்க.”

போட்டோம். கடகடவை நானும், ணங் சத்தத்தை அவளும். அந்த அம்மா சிரிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டாக்டர்கூட என்னை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

“அது டேப்பெட் சத்தமே இல்லீங்ணா. டேப்பெட்டுன்னா தையல் மிஷினாட்ட ஒரே சீரா டிக்டிக்குனு வரும்” என்றவர் குனிந்து, எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டார். ஒன்றரைச் சுற்று இறுகியது. “இது லூசு. எஞ்சினே குதிச்சுட்டு இருந்திருக்குது.”

பிறகு தினசரி நாள்காட்டியில் பழைய தாள் ஒன்றைக் கிழித்தார். என்னைக் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, சைலன்சர் முனையில் அந்தத் தாளைக் காட்டினார். புகை தாளை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. நடுநடுவே தாள் சட்டென்று உள்பக்கம் இழுபட்டு ஒட்டியது. எங்களையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.

“டேப்பெட்ட எஞ்சின் சூட்டோட புடிச்சிருக்காங்க, அதுவும் சத்தம் அடங்கற வரைக்கும். குளுந்து கெடக்கறப்ப வால்வு முழுசா மூட எடமில்ல. அதான் காத்த உள்ள இழுக்குது. இப்படியே ஓட்டுனதுல வால்வு கருகியிருந்தா ஹெட்டக் கழட்டணும். ரெண்டு நாளு ஆகும்.”

மனைவி என்னைப் பார்த்தாள். இரண்டு நாள் என்றால் திங்கட்கிழமையும் சேரும்.

அவர் எஞ்சின் தலையில் இருந்த மூடியைத் திறந்தார். சிகரெட் அட்டையைவிட மெல்லிய ஒரு தகட்டை உள்ளே நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. திருகைத் தளர்த்தினார், தகட்டை விட்டு இழுத்தார், மறுபடி தளர்த்தினார். எண்ணெய் போட்டதுபோலத் தகடு லேசாகப் பிடித்து, வழுக்கி வந்ததும் நட்டை இறுக்கினார். இறுக்கிய பிறகும் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். அவசரமே இல்லாத கை அது. நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். நல்ல வாத்தியார் கணக்குப் போடும்போது இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

உதைத்தேன். கையை எடுத்தேன். வண்டி நிற்கவில்லை. டிக் டிக் என்று ஒரு சத்தத்தோடு ஓடிக்கொண்டே இருந்தது. தாளைக் காட்டினார். ஒரு முறைகூட உள்ளே இழுக்கவில்லை.

“தப்பிச்சுட்டீங்க. கருகல.”

“இந்த டிக் டிக்...” என்று இழுத்தேன்.

“அது இருக்கோணும். நிறுத்திக் குடுங்கன்னு யாருகிட்டயும் கேக்காதீங்க” என்று அந்த நாள்காட்டித் தாளின் பின்னால், டேப்பெட்டில் விட வேண்டிய இடைவெளியை இரண்டு எண்களாக எழுதிக் கொடுத்தார். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் வாய் திறக்க வேண்டாம், இதை நீட்டினால் போதும் என்றார். என்னை அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டுவிட்டார்.

திங்கள் விடியற்காலை பனி மூடியிருந்தது. எப்போதும் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியை அவசரப்படுத்துவேன். அன்று வண்டியை ஓடவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். அவள் நிதானமாகக் கதவைப் பூட்டினாள். விடுதிக்கு ஐந்து இருபதுக்குப் போய்விட்டோம். விடுதி அம்மா கேட்டைத் திறந்து, செல்போனில் மணியைப் பார்த்தார். சமையலறைச் சாவியை மனைவியிடம் நீட்டினார்.

திரும்பி வரும்போது மெக்கானிக் அம்மா கடை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல வாய் வரவில்லை. வண்டியை நிறுத்தி, கையை எடுத்து, ஓடவிட்டுக் காட்டினேன். அவர் வாய் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்.

“சூட்டுல எல்லா வண்டியும் நல்லாத்தானுங்ணா ஓடும். காலையில போறப்ப நில்லுங்க.”

மறுநாள் இரண்டு நிமிடம் முன்னதாகவே கிளம்பினோம். கடைக்கு முன்னால் நிறுத்தி ஆக்சிலேட்டரை விட்டேன். இருட்டில் எஞ்சின் மட்டும் டிக் டிக் என்றது. உள்ளே விளக்கு எரிந்தது. ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து, போங்க என்று அசைத்தது.