சுண்ணாம்பு பூசிய சப்பாத்து

நான் பள்ளிக்கூட பேண்டில் முரசு அடித்த காலத்தில் எங்களுக்குக் காலில் போடச் சப்பாத்து கிடையாது. போட்டிக்கு வரும் பரிசோதகர் குனிந்து குதிகாலைத்தான் முதலில் பார்ப்பார். வெடிப்பில் மண் இருந்தால் ஒரு புள்ளி போயிற்று. நகம், பல், காதுமடல், சட்டைப்பையில் மடித்த கைக்குட்டை என்று அவர் பார்க்காத இடமில்லை. தலையில் எண்ணெய் வழிந்தால் அவன் ஒழுங்கான பிள்ளை.

இருபது வருஷம் கழித்து என் மகள் தன் பள்ளி பேண்டுக்குத் தலைவியானாள். வெள்ளித் தடியைச் சுழற்றி, மேலே எறிந்து பிடித்தபடி முன்னால் நடக்கிறவள் அவள்தான். இப்போது விதிகள் வேறு. வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து கட்டாயம். எண்ணெய் வழிந்தால் புள்ளி வெட்டு. பரிசோதனையில் யார் புள்ளி இழந்தாலும் வரிசையை விட்டு விலக வேண்டும் என்று பேண்ட் டீச்சர் சொல்லிவிட்டார். மகளின் இடத்துக்கு இன்னொரு பிள்ளை முழு உடுப்போடு தயாராக நிற்பாளாம்.

அதைக் கேட்ட அன்றே நான் கடை கடையாக ஏறத் தொடங்கினேன்.

அரசாங்கத் தடையால் வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றிருந்தது. மாத்தளைக் கடைகளிலும் உக்குவளையிலும் தேடினேன். சப்பாத்துக்குப் பூசும் வெள்ளை அகப்படவில்லை. மகளின் சப்பாத்தோ பழுப்பேறிக் கிடந்தது. வீட்டில் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. கஞ்சி கலந்து, ஒரு துளி நீலம் விட்டு, மூன்று பூச்சு பூசினேன்.

“அது சப்பாத்துங்க, சுவரில்ல” என்றாள் மனைவி.

“இன்ஸ்பெக்‌ஷனப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?”

மறுநாள் போட்டி மைதானத்தில் அந்தச் சப்பாத்தைப் போல் வெள்ளை வேறெதுவும் இல்லை. பெற்றோர் எல்லாம் மதிலோரம் கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். என் பக்கத்தில், தயாராக நிற்கும் அந்தப் பிள்ளையின் அம்மா.

பரிசோதகர் இளைஞர். கிருதா தாடை வரை இறங்கியிருந்தது. என் காலத்தில் அவரையே வெளியே அனுப்பியிருப்பார்கள். நகத்தைப் பார்க்கவில்லை, பல்லைப் பார்க்கவில்லை. “முழங்காலைத் தூக்கு” என்றார். மகள் தூக்கி, பாதத்தை மடக்கினாள். சப்பாத்து படக்கென்று வெடித்தது. சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக அவருடைய கறுப்புச் சப்பாத்தின் மேல் கொட்டியது.

“இது யாரு பூசினது?”

“அப்பா, சேர்.”

“அப்பா சுவர் பூசுற மேசன் பாஸா?”

“இல்ல சேர். அரசாங்கக் கச்சேரியில கிளாக்கு.”

அவர் சிரிக்காமல் ஒரு புள்ளி வெட்டினார்.

“பாவம் அண்ணே, இப்பிடியாயிருச்சே” என்றார் பக்கத்தில் நின்ற அம்மா. சொல்லிக்கொண்டே தன் மகளுக்கு ரிப்பனைச் சரிசெய்யும்படி கைகாட்டினார்.

நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன். “டீச்சர், புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. பூசினது நான்தான்.”

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப புள்ளிய இழந்தது நீங்க. வெளிய போங்க.”

“எங்க டீச்சர்?”

“கேட்டுக்கு வெளிய. ஒங்க புள்ள நிக்கட்டும்.”

போனேன். மதில் என் தலைக்கு மேல் இருந்தது. முரசுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மா மதிலுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார் என்பது நினைவுக்கு வந்து குரல் கொடுத்தேன்.

“தங்கச்சி, என்ன நடக்குது?”

“நடக்குறாங்க அண்ணே. ஒங்க மக காலு வைக்கிற எடமெல்லாம் புகை கெளம்புது.”

“தடிய எறிஞ்சாளா?”

“எறிஞ்சிட்டா. ரொம்ப மேல போகுது.”

அதற்குப் பிறகு பேச்சில்லை.

“தங்கச்சி! புடிச்சாளா இல்லையா?”

மதிலைத் தட்டினேன்.

“சொல்லும்மா!”

“புடிச்சிட்டா, புடிச்சிட்டா” என்றார், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் குரலில்.

நான் மதிலைப் பிடித்தபடி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இது நடந்து ஒரு மாதமாகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் எந்த இடம் கிடைத்தது என்று கேட்கிறார்கள். மூன்றாமிடம். அந்த அம்மா எவ்வளவு நேரம் பேசாமல் நின்றார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.